நாற்பது மில்லிகிராம்

வினோதினிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. அவள் கையேதான் முடிவு செய்தது.

இடது மணிக்கட்டில் துணி நாடா போல ஒரு பட்டை. அவள் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும், கதவைத் திறக்கும்போதும், சும்மா மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போதும் அது நடுக்கத்தை அளந்துகொண்டே இருக்கும். சமையலறை அலமாரியில் ரொட்டி டப்பா அளவில் ஒரு பெட்டி. நேற்றைய நடுக்கத்தைப் பட்டையிடம் கேட்டு, இன்றைக்குத் தேவையான பொடியை அளந்து, இரண்டு மாத்திரைக் கூடுகளில் அடைத்து, காலை ஐந்தரைக்குக் கீழ்த்தட்டில் உருட்டிவிடும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டும் சேர்ந்து எண்பது மில்லிகிராமுக்கு மேல் எந்த நாளிலும் போகாது. போனால் இதயத் துடிப்பு விழுந்துவிடும் என்பதால் பெட்டியே மறுத்துவிடும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. உடம்பின் காவல்காரர்களே நரம்புகளின் மேலுறையைக் கடித்துத் தின்பதுதான் இந்த நோய் என்று டாக்டர் ரஹ்மத் நிஷா விளக்கினார். திருச்சியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுப்பவள் வினோதினி. பியூரெட்டின் திருகைச் சொட்டு சொட்டாகத் திறக்க முடியாத கையை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் நிற்க முடியாது. அதனால் நான்கு வருடம் கரும்பலகையோடு நின்றுவிட்டாள். பிறகுதான் இந்த மருந்து வந்தது. ஒரு நாளைக்கு அறுபது மில்லிகிராமில் அவள் கை அடங்கியது. இரண்டு வருடம் மறுபடி ஆய்வகத்துக்குள் போய் வந்தாள். ஒரு துளியில் நிறம் மாறுவதைப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே காட்டினாள்.

அந்த இரண்டு வருடம்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் நடுக்கம் திரும்பி வந்தது. பெட்டி அளவை அறுபத்தைந்தாக்கியது, எழுபதாக்கியது, எண்பதில் போய் நின்றுகொண்டது. நடுக்கம் நிற்கவில்லை. ஒரு நாள் அமிலக் குடுவை கை தவறி உடைந்து, முன்வரிசையில் நின்ற பெண்ணின் காலில் தெறித்தது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் மறுநாளே தலைமையாசிரியர் அவளைக் கால அட்டவணை போடும் வேலைக்கு மாற்றினார். மரியாதையாகத்தான் மாற்றினார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "எண்பது போகுது. ஆனா ரத்தத்துல நாப்பதுக்கு உள்ளதுதான் இருக்கு. ஒருவேளை சாப்பிட்டு ஒருவேளை விடறீங்களா, வினோதினி?"

"இல்ல டாக்டர். ஒரு வேளைகூட விட்டதில்ல."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகுந்தன் மெல்லச் சிரித்தான். "ஸ்கூல் போற அவசரத்துல மறந்திருப்பா டாக்டர். இந்த நோய்க்கு மறதியும் உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. இனிமே நானே கையில குடுத்திடறேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் அவ்வளவு பரிவாகச் சொன்னதில், மறந்திருப்போமோ என்ற சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து காலை மாத்திரையைத் தண்ணீர் டம்ளரோடு அவன் கொண்டுவந்து நீட்டினான். அவள் விழுங்கும்வரை நின்றான். மதிய மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டு அவள் பைக்குள் அவனே வைத்தான். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரக் கம்பெனியில் சர்வீஸ் மேற்பார்வையாளன் அவன். எதைக் கழற்றினாலும் தடம் தெரியாமல் மாட்டிவிடுவான். கல்யாணமான புதிதில் அவள் மெச்சிய விஷயம் அது.

அடுத்த மாதப் பரிசோதனையிலும் பாதிதான். "அப்ப உங்க உடம்பு மருந்தை வேகமா எரிக்குது," என்றார் டாக்டர். "சில பேருக்கு அப்படி ஆகும். அளவைக் கூட்ட வழியில்ல. மண்டையோட்டில ஒரு சின்னத் துளை போட்டு, மூளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி வைக்கணும். அது நடுக்கத்தை அடக்கும். ஆபத்து இல்லாம இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. தேதி குறித்தார்கள். சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல வந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் முகுந்தன் அழகாகக் கையெழுத்திட்டான்.

அவர்களுடைய ஒரே மகள் தன்விகாவுக்கு வயது பத்தொன்பது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவள். மாநிலப் போட்டியில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தவள் இந்த வருடம் முதலாவதாக வந்திருந்தாள். போபாலில் தேசிய அணித் தேர்வு வரப்போகிறது. ஆபரேஷன் அதற்கு ஒரு வாரம் கழித்து. "அவ ஜெயிச்சிட்டு வந்து உன் பக்கத்துல உக்காரட்டும்," என்று தேதியை அப்படி அமைத்தவனும் முகுந்தன்தான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை மதியம், ஆளில்லாத ஆய்வகத்தில் உட்கார்ந்து வினோதினி மதிய மாத்திரையை எடுத்தாள். விரல்கள் உதறியதில் கூடு இரண்டாகப் பிரிந்து பொடி மேசையில் கொட்டியது. ஒரு வேளை மருந்தாயிற்றே, வீணாக்கக் கூடாது என்று விரலால் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

முன்பொருமுறை இதே மாத்திரை அவள் வாயில் உடைந்திருக்கிறது. வேப்பங்கொழுந்தை மென்றதுபோல நாளெல்லாம் கசந்தது. இப்போது கசப்பும் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் இனிப்பு வந்தது.

அவள் பதறவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். மீதிப் பொடியை ஒரு சோதனைக் குழாயில் தட்டி, தண்ணீர் விட்டு, நீலமாக இருந்த பெனடிக்ட் கரைசலை ஊற்றிச் சூடாக்கினாள். குழாயைப் பிடித்த இடுக்கி கையோடு சேர்ந்து ஆடியது. நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் செங்கல் சிவப்பு.

குளுக்கோஸ். பெட்டி குளுக்கோஸ் அடைக்காது. பெட்டிக்கும் அவள் வாய்க்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கைதான்.

அன்று மாலை தன்விகா பயிற்சிக்குப் போயிருந்தாள். முகுந்தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். வினோதினி பையிலிருந்து சோதனைக் குழாயை எடுத்து, ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதாங்க?"

அவன் பார்த்தான். அவன் வேதியியல் படித்தவன் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன். கத்தியைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"ஜூன்லேர்ந்து."

"மருந்து எங்க போகுது?"

சுவரில் தன்விகா தங்கப் பதக்கத்தோடு நிற்கும் படம் மாட்டியிருந்தது. அவன் கண் அங்கே போய்த் திரும்பியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காலைல கஞ்சியில கலந்துடுவேன்," என்றான். "அவளுக்குத் தெரியாது, வினோ. சத்தியமா அவளுக்குத் தெரியாது. அவ சுடறப்போ பார்த்திருக்கியா? எல்லாம் சரியா இருக்கும். கடைசி நொடியில இதயம் அடிக்கிற அதிர்ச்சியில துப்பாக்கி முனை ஒரு மயிரிழை ஆடும். அந்த மயிரிழைதான் அஞ்சாவது இடம். கோச் எல்லா வழியும் பார்த்துட்டார். இந்த மருந்து அதை நிறுத்திடுது."

"பரிசோதனையில மாட்ட மாட்டாளா?"

"புது மருந்து. நோயாளிங்க கையில மட்டும்தான் இருக்கு. சில மணி நேரத்துல கரைஞ்சு போயிடும். இன்னும் யாரும் இதைத் தேட ஆரம்பிக்கல." இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அவனே அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் மண்டையில துளை போடறதுக்கு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க."

"அதுக்கு முன்னாடி நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். தேதியை அதுக்குத்தான் தள்ளி வெச்சேன். தேர்வு முடிஞ்சதும் முழு மாத்திரையும் உனக்கு வந்துடும். நீ நல்லாயிடுவே. டாக்டரே வேணாம்னுடுவாங்க."

"டாக்டர் முன்னாடி என்னை மறதிக்காரின்னு சொன்னீங்க."

அவன் வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினான். பிறகு வந்த வார்த்தைகளை அவன் பல முறை தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு தெளிவாக வந்தன. "உனக்குக் கை நடுங்கினா பட்டன் போட்டுவிட நான் இருக்கேன், வினோ. சோறு பிசைஞ்சு தர நான் இருக்கேன். அவளுக்கு நடுங்கினா யாரு இருக்கா?"

ஏழு மாதமாக அவன் அவள் ரவிக்கைப் பட்டனைப் போட்டுவிட்டதும், தலை பின்னிவிட்டதும், கரண்டி பிடித்து ஊட்டியதும் அவள் கண் முன்னால் வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் அவள் நன்றியால் கரைந்திருக்கிறாள். இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்ப்பான் என்று தன் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அழுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதே என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பள்ளியிலிருந்து டாக்டருக்குப் பேசினாள். முதலில் ஆபரேஷனை ஒத்திப்போடச் சொன்னாள். பிறகு, "பசங்க ஒரு சந்தேகம் கேட்டாங்க டாக்டர்," என்று தொடங்கினாள். "நோய் இல்லாத ஒருத்தர் இதைச் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"நல்ல கையோட நடுக்கத்தை மூளையே அடக்கி வெச்சிருக்கு. நமக்குத் தெரியாம நாள் முழுக்க அது செய்யற வேலை. அதை மருந்து செய்ய ஆரம்பிச்சா, மூளைக்கு அந்த வேலை மறந்து போகும். மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு நிறுத்தினா உங்களைவிட மோசமா நடுங்கும். சட்டுனு நிறுத்தினா வலிப்பே வரும். அதனாலதான் இதை இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாதுன்னு ஒவ்வொரு முறையும் சொல்றேன்."

"மெதுவா நிறுத்தினா?"

"மூணு நாளைக்கு ஒருதரம் ரெண்டு மில்லிகிராம் குறைச்சா சரியாகலாம். ரத்தம், இதயம் எல்லாம் பார்த்துக்கிட்டே செய்யணும். வீட்டுல செய்யற வேலை இல்ல. யாரும்மா அந்தப் பசங்க?"

"பிளஸ் டூ," என்றாள் வினோதினி.

டாக்டரிடம் சொன்னால் பெயரைப் பதிவார். பதிந்தால் சட்டப்படி விளையாட்டு ஆணையத்துக்குத் தகவல் போகும். ஒன்றுமறியாத பெண் வாழ்நாள் முழுக்க ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தோடு நிற்பாள். சொல்லாமல் இன்றே நிறுத்தினால் வலிப்பு. நாள் முழுக்கக் கால அட்டவணைக் கட்டங்களைப் பார்த்தபடி யோசித்தாள்.

அன்று மாலை முகுந்தனிடம், "இனிமே கஞ்சி நான் கலக்கறேன்," என்றாள். அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்து அவன் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் திருத்தவில்லை.

மறுநாளிலிருந்து பெட்டி தந்த பொடியை அவளே பிரித்தாள். ஆய்வகத்து மின்தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் கதவைச் சாத்திக்கொண்டு எடை போட்டாள். தன்விகாவுக்கு நாற்பதுக்குப் பதில் முப்பத்தெட்டு. மூன்று நாள் கழித்து முப்பத்தாறு. பிறகு முப்பத்துநான்கு. மீதியைத் தான் விழுங்கினாள். அவள் நடுக்கம் ஒரு சுற்றுக் குறைந்தது. பட்டன் போட முடிந்தது. அதில் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. சத்துமாவுக் கஞ்சியை மகள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். தேர்வில் இவள் தோற்பாள், தோற்றது ஏன் என்று இவளுக்குத் தெரியாது, தன் கையே தன்னைக் கைவிட்டது என்று நினைத்து உடைந்துபோவாள் என்பதெல்லாம் நெஞ்சை அறுக்கும். ஆனாலும் உயிரோடு, தன் பெயரோடு இருப்பாள். கணவன் செய்த பாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைப்பதாகத்தான் வினோதினி நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் ஏமாந்தவர்கள் இரண்டு பேர், தானும் மகளும் என்ற எண்ணம் ஒன்றுதான் அவளுக்கு அந்த நாட்களில் துணையாக இருந்தது.

ஒன்பதாவது நாள் காலை. முகுந்தன் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். தன்விகா கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். துப்பாக்கி பிடிக்கும் கையை நீட்டி, விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"அம்மா, டாக்டர் உன் டோஸைக் குறைச்சிட்டாங்களா?"

"ஏன் கேக்கறே?"

"நாலஞ்சு நாளா எனக்குப் பத்தலை. நேத்து ஸ்கோர் அறுநூத்து இருபத்திநாலுதான் வந்துச்சு." காபியில் சர்க்கரை போதவில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

வினோதினி எழுந்து அடுப்பை அணைத்தாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியாதுன்னு அப்பா சொன்னார்."

"அவர் அப்படித்தாம்மா சொல்வார்." தன்விகா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் அவர்கிட்ட கேட்டேன். ஜூன்ல ஒரு நாள் உன் மாத்திரையைப் பிரிச்சு, கொஞ்சம் பொடியைச் சாப்பிட்டுப் பார்த்தேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல துப்பாக்கி கல்லு மாதிரி நின்னுச்சு. அப்பா ரெண்டு வாரம் முடியாதுன்னார். அப்புறம் ஒத்துக்கிட்டார்."

"என் தலையில துளை போடப் போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அது தேர்வுக்கு அப்புறந்தானே." அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் மாறவில்லை. "நீதானேம்மா எல்லார்கிட்டயும் சொல்வே. என் கை போனா என்ன, என் பொண்ணு கை இருக்கேன்னு. நான் அதை நம்பித்தான் செஞ்சேன். இன்னும் பதினோரு நாள்தாம்மா. பழையபடி நாப்பது குடு. அப்புறம் சத்தியமா விட்டுடறேன்."

வினோதினி மகளைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்தபோது தான் கண்விழித்துப் பார்த்த, முதல்முறை துப்பாக்கியின் எடை தாங்காமல் தோள் வலித்தபோது தான் எண்ணெய் தடவிவிட்ட பெண்தான். முகமும் அதேதான். தான் கொஞ்சலாகச் சொல்லி வந்த ஒரு வார்த்தையை இந்தப் பெண் கொஞ்சமும் கொஞ்சலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் புதிது.

இத்தனை நாளும் இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து, ஏமாந்த துணையென்று நினைத்து, மனத்துக்குள் இவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

போனை எடுத்தாள். மேசையிலேயே, தன்விகாவின் முன்னாலேயே, டாக்டரை அழைத்தாள்.

"டாக்டர், பிளஸ் டூ பசங்கன்னு அன்னிக்குப் பொய் சொன்னேன். ஒரு பேரு எழுதிக்குங்க. தன்விகா முகுந்தன். வயசு பத்தொம்பது. ஏழு மாசமா என் மருந்துல பாதியைச் சாப்பிடறா."

"அம்மா," என்றாள் தன்விகா.

டாக்டர் உடனே பெயரைப் பதியவில்லை. "பதிஞ்சுட்டா அழிக்க முடியாது, வினோதினி. தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர். பதியலேன்னா இவ உடம்பை யாரும் பார்க்க முடியாது. அதுவும் தெரியும்."

"சரி. ரெண்டு பேரும் பதினோரு மணிக்குள்ள வாங்க. பதிவுக்கு ஒண்ணு கேட்கணும். மருந்தை யார் குடுத்தது?"

மாடிப் படியில் முகுந்தன் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வெறும் பிளாஸ்டிக் வாளியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏழு மாசம் அவங்க அப்பா," என்றாள் வினோதினி. "கடைசி ஒம்பது நாள் நான்."

டாக்டர் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "இன்னிக்கு வேளையை நிறுத்திடாதீங்க. சட்டுனு நிறுத்தினா ஆபத்து. வழக்கமாக் குடுக்கற அளவைக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

வினோதினி போனை வைத்தாள். கஞ்சி டம்ளரில் பாதி அப்படியே இருந்தது. அதை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"முப்பத்துநாலு மில்லிகிராம். மிச்சத்தையும் குடி," என்றாள். "டாக்டர் சொல்லியிருக்காங்க."

தன்விகா இரண்டு கையாலும் டம்ளரை எடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு வினோதினி எழுந்து, வெளியே போவதற்குச் சேலை மாற்ற உள்ளே போனாள். பட்டன் போட்டுவிட வழக்கம்போல முகுந்தன் பின்னாலேயே இரண்டடி வந்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.